பி.சி.ஓ.எஸ் (சினைப்பை ஹார்மோன் கோளாறு): மாத்திரையா, ஊசியா, மெட்ஃபார்மினா? புரட்டாசிச் சாப்பாட்டுக்கு என்ன வழி?

ஃபீனிக்ஸ்_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் ஃபீனிக்ஸ். வயது 26, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. உயரம் 158 செ.மீ., எடை 66 கிலோ. பீரியட்ஸ் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருகிறது, சில நேரம் நாலு மாதம் கூட ஆகிவிடும். தாடையில் முடி, பின்கழுத்தில் கறுப்பு. வயிற்றின் மேல் வைத்துப் பார்த்த சோனாரில் (ஸ்கேன்) "இரு சினைப்பைகளிலும் பல நீர்க்கட்டிகள்" என்று எழுதியிருக்கிறது. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) நார்மல், ஆனால் அப்போது முகப்பருவுக்காகக் கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தேன். அதை நிறுத்தி ஐந்து மாதம் ஆகிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 5.4 (மில்லிமோல் கணக்கில்). அம்மாவுக்கும் ஆயாவுக்கும் சர்க்கரை நோய் உண்டு.

கேட்க வேண்டியவை: கட்டிகளை எடுக்க ஆபரேஷன் வேண்டுமா? கிளினிக்கில் மூன்று மாதக் கருத்தடை ஊசி போட்டுக்கொள் என்கிறார்கள், தனியார் டாக்டர் மெட்ஃபார்மின் (சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மாத்திரை) என்கிறார், எதைக் கேட்பது? வீட்டில் புரட்டாசி முழுக்க சைவம், ஒவ்வொரு தடவையும் எடை ஏறுகிறது, அதற்கு என்ன செய்யலாம்? கடைசியாக இந்தத் தாடை முடி.

கிளினிக்_சிஸ்டர்:

ஆபரேஷன் வேண்டாம் தங்கச்சி. சோனாரில் தெரிந்தவை வெட்டி எடுக்கிற கட்டிகள் இல்லை. முட்டை வளரும் சின்னப் பைகள்தான் அவை, ஒவ்வொன்றும் 2 முதல் 9 மில்லிமீட்டர். பாதி வளர்ந்து நின்றுபோவதால் நிறையச் சேர்ந்து தெரிகின்றன. ஒரு சினைப்பையில் 20 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, சினைப்பையின் அளவு 10 மி.லி. அல்லது அதற்கு மேல் இருந்தாலோ அது பி.சி.ஓ.எஸ் வகைச் சினைப்பை. வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் சோனாரில் எண்ணிக்கையை நம்ப முடியாது, அளவைத்தான் பார்க்க வேண்டும். அறிக்கையில் அளவு இல்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

சொல்லப்போனால் உங்களுக்குச் சோனாரே அவசியம் இல்லை. 2003-இல் ராட்டர்டாமில் வகுத்த அளவுகோலில் மூன்று அடையாளங்கள் இருக்கின்றன: ஒழுங்கற்ற பீரியட்ஸ், ஆண் ஹார்மோன் மிகுதி (முடியாகத் தெரிந்தாலும் சரி, ரத்தத்தில் தெரிந்தாலும் சரி), சினைப்பைத் தோற்றம். மூன்றில் இரண்டு இருந்தால் போதும். 35 நாளைத் தாண்டிய சுற்று, அல்லது வருடத்தில் எட்டுக்கும் குறைவான பீரியட்ஸ் என்றால் முதலாவது இருக்கிறது. தாடை முடி தெளிவாகத் தெரிந்தால் இரண்டாவதும் ஆகிவிட்டது. 2023 சர்வதேச வழிகாட்டி, பெரியவர்களுக்குச் சோனாருக்குப் பதிலாக ஏ.எம்.எச் (அந்தச் சின்னப் பைகள் சுரக்கும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனையையும் ஏற்கிறது. இரண்டையும் செய்து காசைக் கரைக்க வேண்டாம். (பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது. வயதுக்கு வந்து எட்டு வருடம் வரை சோனாரையும் ஏ.எம்.எச்சையும் வைத்து முடிவு செய்யக்கூடாது. அந்த வயதில் எல்லாருடைய சினைப்பையும் கிட்டத்தட்ட அப்படித்தான் தெரியும்.)

ஆனால் பி.சி.ஓ.எஸ் என்று முத்திரை குத்தும் முன், அதே மாதிரி வேஷம் போடுகிற மற்றவற்றை ஒதுக்கியாக வேண்டும். தைராய்டுக்கு டி.எஸ்.எச், பால் சுரக்கும் ஹார்மோனான புரோலாக்டின், அட்ரீனல் சுரப்பிக் கோளாறுக்குக் காலையில் எடுத்த 17 ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன், எல்லாவற்றுக்கும் முன்னால் கர்ப்பப் பரிசோதனை. கல்யாணம் ஆகவில்லையே என்று கடைசியாகச் சொன்னதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு, விடக்கூடாது. குரல் தடித்து, முடி சில மாதத்திலேயே வேகமாகப் படர்ந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். அப்போது காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அந்த டெஸ்டோஸ்டிரோன் முடிவைத் தூக்கிப் போடுங்கள். மாத்திரை உடலில் இருக்கும்போது ஈரல் எஸ்.எச்.பி.ஜி என்ற புரதத்தை அதிகம் சுரக்கும். அது ஆண் ஹார்மோனைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சினைப்பையும் ஓய்வில் இருக்கும். நார்மல் என்று வராமல் வேறு எப்படி வரும்? மாத்திரையை நிறுத்திக் குறைந்தது மூன்று மாதம் கழித்து எடுக்க வேண்டும். நீங்கள் ஐந்து மாதம் ஆகிவிட்டது என்கிறீர்கள், இப்போது எடுக்கலாம்.

சர்க்கரை விஷயத்தில்தான் எனக்குக் கவலை. வெறும் வயிற்றில் 5.4 என்றதும் கோப்பை மூடிவிட்டார்கள். பி.சி.ஓ.எஸ்ஸில் முதலில் கெடுவது சாப்பிட்ட பிறகு ஏறும் சர்க்கரைதான். இந்திய வம்சாவளி, அம்மாவுக்கும் ஆயாவுக்கும் சர்க்கரை, கழுத்தில் கறுப்பு. இத்தனை இருக்கும்போது 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கும் இரண்டு மணி நேரப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு மணி நேர அளவு 7.8-க்குக் கீழே இருந்தால் சரி. 7.8 முதல் 11.0 வரை எல்லைக்கோடு, 11.1 அல்லது அதற்கு மேல் சர்க்கரை நோய்.

அதைக் கெடுக்கிற காரியங்கள் சில உண்டு. முந்தின மூன்று நாள் சோறு ரொட்டியைக் குறைத்துப் பட்டினி கிடந்தால் முடிவு பொய்யாக ஏறும், வழக்கம்போல் சாப்பிடுங்கள். முந்தின இரவிலிருந்து 8 முதல் 12 மணி நேரம் தண்ணீர் மட்டும். குளுக்கோஸ் தண்ணீரை ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும், குடித்த பிறகு கடைக்கு நடந்து போய் வரக்கூடாது, உட்கார்ந்தே இருக்க வேண்டும். வாந்தி எடுத்தால் அன்றைய பரிசோதனை செல்லாது. முடிவு நன்றாக வந்தாலும் ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும்.

வேருலம்_மருந்துக்கடை:

சிஸ்டர் சொன்னதற்கு மேல் மருந்துக் கணக்கு மட்டும் சொல்கிறேன்.

எது நல்ல மருந்து என்று கேட்பதால்தான் குழப்பம். எதற்காக மருந்து என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். கர்ப்பப்பையின் உள்சவ்வு ஒரு விஷயம், சர்க்கரை இன்னொன்று, முடியும் பருவும் மூன்றாவது. ஒரே மருந்து மூன்றையும் பார்த்துக்கொள்ளாது.

உள்சவ்வு: முட்டை வெளியேறாத மாதத்தில் புரோஜெஸ்டிரோன் சுரப்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் மட்டும் சவ்வைத் தடிக்க வைத்துக்கொண்டே போகும். வருடக்கணக்கில் இப்படியே விட்டால் கர்ப்பப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. அதனால் மருந்து எதுவும் இல்லாமல் 90 நாளுக்கு மேல் பீரியட்ஸ் வராமல் விடக்கூடாது. கருத்தடை மாத்திரையோ ஊசியோ கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் வளையமோ இருக்கும்போது வராமல் இருப்பது வேறு சங்கதி. அங்கே சவ்வு மெலிந்துதான் இருக்கும், பயம் இல்லை.

தினமும் மருந்து வேண்டாம் என்பவர்களுக்கு டாக்டர் எழுதுவது மெட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் 10 மி.கி., தினம் ஒன்று, 10 நாள், மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது. கர்ப்பம் இல்லை என்று பார்த்த பிறகே தொடங்க வேண்டும். கடைசி மாத்திரைக்குப் பிறகு ஒரு வாரத்துக்குள் ரத்தப்போக்கு வரும். மாத்திரை சாப்பிடும்போதே வரவில்லையே என்று ஐந்தாம் நாள் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தினால்தான் வரும், ஆனால் பத்து நாளும் முடித்துவிட்டு நிறுத்த வேண்டும். இரண்டு வாரம் ஆகியும் வராவிட்டால் டாக்டரிடம் போங்கள். இது கருத்தடை இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

கூட்டு மாத்திரை (இரண்டு ஹார்மோன் சேர்ந்த கருத்தடை மாத்திரை): பீரியட்ஸுக்கும் முடிக்கும் சேர்த்து வேலை செய்வது இதுதான். 20 அல்லது 30 மைக்ரோகிராம் எத்தினில் எஸ்ட்ராடியோல் உள்ள சாதாரண மாத்திரை போதும், அரசு கிளினிக்கில் இலவசம். சைப்ரோடெரோன் கலந்த 35 மைக்ரோகிராம் மாத்திரை முகத்துக்கு நல்லது என்று கேட்டு வருகிறார்கள். ரத்தம் உறையும் ஆபத்து அதில் கூடுதல் என்பதால் எடுத்த எடுப்பில் தருவதில்லை. கண்ணில் மின்னல் வெட்டுகிற ஒற்றைத் தலைவலி, உயர் ரத்த அழுத்தம், காலில் ரத்தக்கட்டு, 35 வயதுக்கு மேல் சிகரெட் இவற்றில் எது இருந்தாலும் கூட்டு மாத்திரை கூடாது. டி.பி.க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்களுக்கு மாத்திரை சரியாக வேலை செய்யாது, அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

ஊசி: 12 வாரத்துக்கு ஒரு முறை 150 மி.கி. மெட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன், அல்லது 8 வாரத்துக்கு ஒரு முறை 200 மி.கி. நாரெதிஸ்டிரோன். உள்சவ்வைக் காக்கும், கருத்தடைக்கும் உறுதியானது. தினம் ஞாபகம் வைக்க வேண்டியதில்லை என்பதால் கிளினிக்கில் முதலில் அதைத்தான் நீட்டுவார்கள். ஆனால் முடிக்கும் பருவுக்கும் ஒன்றும் செய்யாது, எடை கூடுகிறவர்கள் உண்டு. 12 வார ஊசியை நிறுத்திய பிறகு முட்டை வெளியேற்றம் திரும்பப் பல மாதம் ஆகும், சிலருக்கு ஒரு வருடம் கூட. எடையும் சர்க்கரையும் பயமுறுத்துகிற உங்கள் நிலையில் என் முதல் தேர்வு ஊசி இல்லை. கூட்டு மாத்திரையைக் கேளுங்கள்.

மெட்ஃபார்மின்: சர்க்கரைக்கும் இன்சுலினுக்கும். பீரியட்ஸை ஓரளவு ஒழுங்குபடுத்தும், முடிக்கு அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். சிறுநீரகப் பரிசோதனை பார்த்துவிட்டு 500 மி.கி. ராத்திரிச் சாப்பாட்டுக்கு நடுவில் தொடங்குங்கள். ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு முறை 500 கூட்டி, 1500 முதல் 2000 வரை போகலாம். முதல் நாளே 850 மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு, கழிப்பறையே கதி என்று இருந்துவிட்டு "எனக்கு ஒத்துக்கவில்லை" என்று தூக்கி எறிவதுதான் வழக்கமாக நடப்பது. மெதுவாக ஏற்றியும் வயிறு கெட்டால் மெதுவாகக் கரையும் எக்ஸ்.ஆர் வகை கேளுங்கள். அதன் வெற்று ஓடு மலத்தில் வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மருந்து உள்ளே இறங்கிவிட்டிருக்கும். பேதி வாந்தி வந்த நாட்களில் மெட்ஃபார்மினை நிறுத்தி, ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கியதும் மறுபடி ஆரம்பியுங்கள். நீண்ட நாள் சாப்பிட்டால் பி12 குறையும். சைவக்காரர்கள் வருடத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

மெடிக்கல் எயிட் (தனியார் மருத்துவக் காப்பீடு) உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: காப்பீடு கட்டாயம் பணம் கட்ட வேண்டிய நிரந்தர நோய்ப் பட்டியலில் சர்க்கரை நோய் இருக்கிறது, தைராய்டு குறைவு இருக்கிறது, பி.சி.ஓ.எஸ் இல்லை. பெரும்பாலும் காப்பீட்டில் உள்ள உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்துதான் போகும். அதனால் ஜெனரிக் கேளுங்கள்.

தட்டுக்_கணக்கு:

புரட்டாசியில் எடை ஏறுவதற்குக் காரணம் விரதம் இல்லை, உருளைக்கிழங்கு. ஆட்டுக்கறியை நிறுத்தியதும் அந்த இடத்தில் புரதம் எதுவும் வருவதில்லை. ரொட்டியும் உருளைக்கிழங்கும், பூரியும் உருளைக்கிழங்கும், சோறும் பருப்பும் உருளைக்கிழங்கும், மாலையில் சில்லி பைட்ஸ் (எண்ணெயில் பொரித்த கார பஜ்ஜி). மாவுச்சத்தின் மேல் மாவுச்சத்து. மற்ற மாதங்களிலும் டர்பன் கறிக்குள் உருளைக்கிழங்கு உட்கார்ந்திருக்கும், ஆனால் கூட இறைச்சியாவது இருக்கும்.

பி.சி.ஓ.எஸ்ஸுக்கென்று தனி டயட் கிடையாது. கீட்டோ, குளூட்டன் இல்லாதது, பால் இல்லாதது எதுவும் மற்றதை விட மேல் என்று நிரூபணம் ஆகவில்லை. தட்டில் பாதி காய்கீரை, கால் புரதம், கால் மாவுச்சத்து. இதைப் பிடித்துக்கொண்டால் போதும். ஒரு கப் சோறு என்பது ஏறக்குறைய 45 கிராம் மாவுச்சத்து. கறிக்குள் உருளைக்கிழங்கு இருந்தால் அன்றைக்குச் சோறு அரைக் கப். இரண்டில் ஒன்றுதான்.

சைவ நாளுக்கு ஒரு கணக்கு. காலையில் 40 கிராம் ஓட்ஸ், 250 மி.லி. அமாசி (புளித்த பால்), இரண்டும் சேர்த்துச் சுமார் 13 கிராம் புரதம். மதியம் கெட்டிப் பருப்பு ஒரு கப், 17 கிராம். தண்ணீராக ஓடுகிற பருப்பில் அதில் பாதி கூட இருக்காது, அதனால் கரண்டியில் நிற்கிற பதம் வேண்டும். ராத்திரி 50 கிராம் உலர்ந்த சோயா மின்ஸ் (கொத்துக்கறி மாதிரித் தூளாக்கிய சோயா), 25 கிராம். நடுவில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை, 7 அல்லது 8 கிராம். மொத்தம் 60-க்கு மேல் வருகிறது, உங்கள் எடைக்குச் சரி. மசாலா கலந்த சோயா பாக்கெட்டில் மாவும் உப்பும் சேர்ந்திருக்கும். பின்பக்க அட்டவணையில் 100 கிராமுக்குப் புரதம் 50 பக்கம் இருக்கிற சாதா வகையை எடுங்கள். ஷுகர் பீன்ஸ் கறி ரொம்ப நல்லது, ஆனால் அதைப் பன்னி-சௌவாக (ரொட்டியைக் குடைந்து உள்ளே கறியை நிரப்புவது) சாப்பிட்டால் கதை வேறு: 700 கிராம் வெள்ளை ரொட்டியில் கால் பங்கு என்றால் 85 கிராம் மாவுச்சத்து, அதாவது இரண்டு கப் சோற்றுக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதே பீன்ஸை இரண்டு துண்டு பிரவுன் ரொட்டியோடு, கேரட் சம்பல் நிறைய வைத்துச் சாப்பிடலாம்.

ஆடி மாதம் மாரியம்மன் கோவில் கூழைப் பற்றியும் கேட்பார்கள். மீலி மாவும் (மக்காச்சோள மாவு) புளித்த பாலும் சேர்ந்த கூழ் ஒரு கோப்பை குடித்தால் ஒன்றும் ஆகாது. சர்க்கரை போட்டு மூன்று கோப்பை குடித்தால் ஆகும்.

எடை 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பீரியட்ஸ் நெருங்கி வர வாய்ப்பு உண்டு. உங்களுக்கு அது 3 முதல் 7 கிலோ. இடுப்புச் சுற்றளவை அளந்து பாருங்கள். 80 செ.மீ.க்கு மேல் என்றால் தராசைவிட அதைக் குறைப்பதே குறி. வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை, கூடவே வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சி, அடுத்தடுத்த நாளில் வேண்டாம். இருட்டியபின் வெளியே நடக்கப் பயமாக இருந்தால் வீட்டுப் படிக்கட்டு, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது எல்லாம் கணக்கில் சேரும். ஒல்லியான உடம்போடு பி.சி.ஓ.எஸ் உள்ளவர்கள் எடை குறைக்க வேண்டியதில்லை, தசைப் பயிற்சி அவர்களுக்கும் வேண்டும்.

நூலுக்கு_நோ:

தாடை முடிக்குத் திரெட்டிங்கும் பிடுங்குவதும் நிறுத்துங்கள். சுருண்ட முடி தோலுக்குள்ளேயே வளர்ந்து, கொப்புளித்து, கறுப்புத் தழும்பாக நிற்கும். பிறகு முடியைவிடத் தழும்புதான் பெரிய தொல்லை. ஷேவ் செய்தால் முடி தடிக்கும் என்பது கட்டுக்கதை. வெட்டிய முனை மொட்டையாக இருப்பதால் சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

லேசர் போவதாக இருந்தால் முதல் கேள்வி என்ன இயந்திரம் என்பது. நம் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் என்.டி. யாக் பாதுகாப்பானது. ஐ.பி.எல் விளக்கு தோலின் நிறமியையும் சேர்த்துச் சுடும். தாடையில் ஒரு சின்ன இடத்தில் சோதித்துப் பார்க்காமல் தொடங்குகிறவரிடம் போகாதீர்கள். நான்கு வாரம் முன்பிருந்து பிடுங்கக்கூடாது, வேர் இருந்தால்தான் லேசருக்கு வேலை. ஷேவ் செய்யலாம். நாலிலிருந்து ஆறு வார இடைவெளியில் ஆறு எட்டு தடவை, அப்புறமும் அவ்வப்போது தேவைப்படும். ஹார்மோனைக் கட்டுப்படுத்தாமல் லேசர் மட்டும் செய்தால் புது முடி வந்துகொண்டே இருக்கும். மாத்திரையின் பலன் முடியில் தெரிய ஆறு மாதம் ஆகும், இரண்டாவது மாதத்தில் சலித்துக்கொள்ளாதீர்கள். அது போதாவிட்டால் டாக்டர் ஆண் ஹார்மோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் சேர்ப்பார். அப்போது கருத்தடை கட்டாயம், ஆண் கருவின் வளர்ச்சியை அது பாதிக்கும்.

கழுத்துக் கறுப்பைத் தேய்க்காதீர்கள், அழுக்கு இல்லை அது. இன்சுலின் குறைந்தால் மெல்ல வெளுக்கும். சந்தையில் ரகசியமாக விற்கும் வெளுப்பு கிரீம் வேண்டவே வேண்டாம். அழகுக் கிரீமில் ஹைட்ரோகுவினோன் சேர்ப்பதை இந்த நாடு 1990-களிலேயே தடை செய்தும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஃபீனிக்ஸ்_பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னும் மூன்று சந்தேகம். மாத்திரை சாப்பிட்டால் பின்னால் குழந்தை பிறக்காது என்று அம்மா பிடிவாதமாகச் சொல்கிறார். இரண்டாவது, வெந்தயம், லவங்கப்பட்டை, இனோசிட்டால் சத்துப்பொடி இதெல்லாம் உதவுமா? மூன்றாவது, ஹார்மோன் பரிசோதனைக்கு ரத்தத்தைப் பீரியட்ஸ் இரண்டாம் நாள் கொடுக்கச் சொன்னார்கள். பீரியட்ஸே வராதபோது எப்படி?

கிளினிக்_சிஸ்டர்:

அம்மாவிடம் சொல்லுங்கள்: மாத்திரை கர்ப்பப்பையைக் கெடுக்காது. நிறுத்தினால் பழைய ஒழுங்கற்ற சுற்று திரும்பும், அதைப் பார்த்துத்தான் மாத்திரை மேல் பழி போடுகிறார்கள். குழந்தை வேண்டும் என்கிற காலத்தில் முட்டையை வெளியேற்ற லெட்ரோசோல் 2.5 மி.கி.யிலிருந்து ஐந்து நாள் கொடுப்பதுதான் இப்போது முதல் மருந்து. பெரும்பாலானவர்களுக்குக் குழந்தை பிறக்கிறது. அப்போது முட்டை வெளியேறும் நாளைக் காட்டும் என்று கடையில் விற்கும் சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையை நம்பி ஏமாறாதீர்கள். பி.சி.ஓ.எஸ்ஸில் அது அளக்கிற எல்.எச் ஹார்மோன் பெரும்பாலும் உயர்ந்தே இருப்பதால் பொய்யாகக் கோடு காட்டும். முட்டை வெளியேறியதா என்று 21-ஆம் நாள் புரோஜெஸ்டிரோன் பார்ப்பதும் 28 நாள் சுற்றுக்காரர்களுக்குத்தான். 45 நாள் சுற்றுக்கு 38-ஆம் நாள் பார்க்க வேண்டும்.

வேருலம்_மருந்துக்கடை:

வெந்தயம் ஒரு ஸ்பூன் ஊறவைத்துச் சாப்பிடலாம், நார்ச்சத்து. மருந்துக்கு மாற்று இல்லை. கடையில் கிடைக்கும் சாதாரண லவங்கப்பட்டையில் கூமரின் என்ற பொருள் இருக்கிறது, ஸ்பூன் ஸ்பூனாகத் தின்றால் ஈரலுக்கு ஆகாது. கறிக்குப் போடுகிற அளவு போதும். மயோ இனோசிட்டால் தினம் 4 கிராம் வரை எடுக்கிறார்கள். கெடுதல் குறைவு, ஆதாரமும் குறைவு, விலை மட்டும் அதிகம். உள்ளே என்ன என்று எழுதாத "ஹார்மோன் பொடி" எதுவும் வேண்டாம்.

முடி கொட்டுவதற்குப் பயோட்டின் சாப்பிடுகிறீர்களா? சாப்பிட்டால் ரத்தம் கொடுப்பதற்கு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். டி.எஸ்.எச், டெஸ்டோஸ்டிரோன் இரண்டின் அளவையும் அது பொய்யாக்கிவிடும்.

கிளினிக்_சிஸ்டர்:

ரத்தம் கொடுக்கும் நாள்: பீரியட்ஸ் வராவிட்டால் இரண்டு வழி. மெட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் பத்து நாள் கொடுத்து, ரத்தப்போக்கு வந்த இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் எடுக்கலாம். இல்லை, ஏதாவது ஒரு நாள் காலை எட்டு ஒன்பது மணிக்குள் போய், அதே ரத்தத்தில் புரோஜெஸ்டிரோனையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லலாம். அது தாழ்ந்திருந்தால் மற்ற எண்களை நம்பலாம். உயர்ந்திருந்தால் முட்டை வெளியேறியிருக்கிறது என்று அர்த்தம், இரண்டு வாரத்துக்குள் பீரியட்ஸ் வரும், அப்போது மறுபடி எடுங்கள். குளுக்கோஸ் பரிசோதனையையும் அதே காலையில் வைத்துக்கொண்டால் ஒரு நாள் லீவில் முடிந்துவிடும்.